செக்கானூரணியில் இறங்கிய பயணி

பட்டிமன்றத் தலைப்பு: பெற்றோர் பிள்ளைகளுக்குத் தர வேண்டியது பெரிதும் வசதியே! உடனிருப்பே!
அணி: உடனிருப்பே!
பேசியவர்: அரசுப் பேருந்து நடத்துனர், தேனி மாவட்டம்

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! 'இவன் என்ன பெரிசாப் பேசிவிடப் போகிறான்' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! எங்கள் அணித் தலைவி அம்மா அவர்களே! அரங்கத்தில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! 

ஐயா, எனக்கு மேடை புதிது. நான் பஸ் கண்டக்டர். தேனி - மதுரை ரூட். இருபது வருஷமா நின்றுகொண்டே பேசுகிறவன்தான். ஆனால் இத்தனை பேர் இத்தனை அமைதியா நான் பேசறதைக் கேட்கிறது இன்னைக்குத்தான். 'உள்ளே போங்க, உள்ளே போங்க'ன்னு தொண்டை கிழியக் கத்துவேன். ஒரு ஆள் படிக்கட்டை விட்டு நகர மாட்டார். (சிரிப்பு)

நடுவர்: இங்கேயும் யாரும் நகர மாட்டார்கள். ஏனென்றால் இங்கே எல்லோருக்கும் சீட் இருக்கிறது. நீங்கள் பேசுங்கள். (சிரிப்பு, கைதட்டல்)

நன்றி ஐயா. எனக்கு முன்னால் எதிரணியில் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டார். 'ஆஸ்பத்திரி கவுண்டரில் பாசத்தை நீட்டினால் ரசீது போட்டுக் கொடுப்பார்களா?' என்று கேட்டார். நல்ல கேள்வி. நானும் கை தட்டினேன். ஏன் தெரியுமா ஐயா? நான் அந்தக் கவுண்டரில் 61 நாள் நின்றவன். அந்த ரசீதெல்லாம் இன்னமும் எங்க வீட்டு பீரோவில் ஒரு மஞ்சள் பைக்குள் இருக்கிறது. அதனால் அந்தச் சகோதரிக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2016-ம் வருஷம், ஆகஸ்ட் மாதம். என் சம்சாரத்துக்கு ஏழாவது மாதம். மூணு நாளா தலைவலி, தலைவலின்னு சொன்னா. கால் வீங்கி இருந்தது. முகம் ஊதி இருந்தது. 'மாசமா இருந்தா அப்படித்தான்'னு வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். நாலாம் நாள் காலையில, 'என்னங்க, கண்ணு மங்கலாத் தெரியுது'ன்னா. தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தக் கொதிப்பு ஏறிப்போய்க் கிடக்கிறது. மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். டி.வி. பார்க்கிற தாய்மார்களே, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாசமா இருக்கிற பெண்ணுக்கு விடாத தலைவலி, கண் மங்கல், முக வீக்கம் வந்தால் அன்னைக்கே டாக்டரைப் பாருங்கள். நான் மூணு நாள் தாமதம் பண்ணினவன். அதனால் சொல்கிறேன்.

குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட என் சம்சாரத்துக்கு ஊசி போட்டார்கள். அப்புறம் ஆபரேஷன். ஆண் குழந்தை. 29 வாரம். எடை 1,080 கிராம்.

ஐயா, முழுக் கணக்கு 40 வாரம். 37 வாரம் முடியறதுக்கு முன்னால் பிறந்தாலே குறைமாதம் என்று பெயர். எனக்கு டாக்டர் பாஷை புரியவில்லை. எங்க பஸ் பாஷையில் சொல்லிக்கொண்டேன். தேனியில் ஏறி மதுரை ஆரப்பாளையத்துக்கு டிக்கெட் எடுத்த பயணி, அவசரப்பட்டு செக்கானூரணியிலேயே இறங்கிவிட்டான்! (சிரிப்பு) சிரிங்க ஐயா, இன்னைக்குச் சிரிக்கலாம். அன்னைக்கு நான் சிரிக்கலை. நடுவழியில் இறங்கின பயணியை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடலாம். வயிற்றிலிருந்து இறங்கினவனை எந்த பஸ்ஸில் ஏற்றுவது?

1,080 கிராம் என்றால் எவ்வளவு தெரியுமா? சாயங்கால ட்ரிப் முடியும்போது சில்லறையோடு என் தோளில் தொங்குகிற பை அதைவிடக் கனம். தோல் கண்ணாடி மாதிரி. உள்ளே ஓடுகிற நரம்பு தெரிகிறது. கை என் சுண்டுவிரல் அளவு. மூக்கில் குழாய், வாயில் குழாய், காலில் ஒரு சிவப்பு விளக்கு. தலைக்கு மேலே ஒரு பெட்டி கீங் கீங் என்று கத்துகிறது. நான் பார்த்த முதல் பார்வையில் பிள்ளை தெரியவில்லை ஐயா. ஒயர்தான் தெரிந்தது.

வெளியே வந்தால் சொந்தக்காரர்கள். ஒருத்தர், 'கிரகணத்தன்னைக்கு வெளியே வந்தாளா?' இன்னொருத்தர், 'பப்பாளி தின்னாளா?' மூணாவது ஆள்தான் ஆறுதல் சொன்னார்: 'ஏழாம் மாசம்தானே, தங்கிடும்டா. எட்டாம் மாசமா இருந்தாத்தான் தங்காது.' டாக்டரிடம் போய் இதைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. 'அப்பா, உள்ளே ஒரு வாரம் கூட இருந்தால் ஒரு வாரத்து பலம். எட்டு, ஏழைவிட எப்பவும் நல்லது. ஊரில் போய்ச் சொல்லுங்கள்' என்றார். இன்னைக்கு ஊருக்கே சொல்லிவிட்டேன். (கைதட்டல்)

இப்போது எதிரணிக்கு ஒரு விஷயத்தை நானே ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கண்ணாடிப் பெட்டி இல்லையென்றால் என் பிள்ளை இல்லை. அந்த ஊசி, அந்த ஆக்சிஜன், அந்த நீல விளக்கு இல்லையென்றால் இன்னைக்கு நான் இங்கே நின்று பேச ஒன்றுமே இல்லை. நன்றி மறந்து பேசினால் நான் மனுஷனே இல்லை.

1963-ம் வருஷம், ஆகஸ்ட் மாதம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தை. எடை இரண்டு கிலோவுக்கும் மேலே. என் பிள்ளையைப் போல இரண்டு மடங்கு! உலகத்திலேயே அதிகாரம் மிகுந்த அப்பா. கேட்டால் எந்த டாக்டரும் ஓடி வருவார். அந்தக் குழந்தை 39 மணி நேரம்தான் இருந்தது. நுரையீரல் விரியவில்லை. அன்றைக்கு அதற்கு மருந்து இல்லை. அப்புறம்தான் மருந்து வந்தது. தாய்க்குப் போடுகிற ஊசி பலன் தரும் என்று 1972-ல் நியூசிலாந்து டாக்டர்கள் இரண்டு பேர் எழுதினார்கள். நுரையீரலுக்குள்ளே விடுகிற மருந்து பலன் தரும் என்று 1980-ல் ஜப்பான் டாக்டர் ஒருத்தர் காட்டினார். வெள்ளை மாளிகைக்கு அன்றைக்குக் கிடைக்காதது தேனி மாவட்டத்துக் கண்டக்டர் மகனுக்குக் கிடைத்தது. விஞ்ஞானத்துக்கு ஒரு கும்பிடு! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் கை தட்டுகிறார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா. டிக்கெட்தான் கொடுத்திருக்கிறேன், விசில் இன்னும் அடிக்கவில்லை. (பலத்த சிரிப்பு)

அந்த ஆஸ்பத்திரியில் எல்லா வசதியும் இருந்தது. ஒன்றே ஒன்று இல்லை. அம்மா உட்கார ஒரு நாற்காலி இல்லை. அப்பா உள்ளே வர அனுமதி இல்லை. முதல் பன்னிரண்டு நாள் நான் என் பிள்ளையைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து, சாயங்காலம் ஐந்து நிமிஷம் பார்த்தேன். கிருமி வந்துவிடும் என்று பயம். அவர்கள் பயம் நியாயம்தான். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் நான் என்ன செய்தேன்? பணம் கட்டினேன். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினேன். வரிசையில் நின்றேன். எதிரணி சொல்கிற மாதிரி, வசதி செய்து கொடுக்கிற அப்பாவா மட்டும் இருந்தேன். ஐயா, சத்தியமாச் சொல்கிறேன், அந்தப் பன்னிரண்டு நாள் நான் அப்பாவாகவே இல்லை. ஏ.டி.எம். மாதிரி இருந்தேன்.

என் சம்சாரம் என்ன செய்தாள்? ஆபரேஷன் புண்ணோடு, மாடிப்படி ஓரத்தில் ஒரு சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாய்ப்பாலைக் கையால் பீய்ச்சி எடுத்தாள். ராத்திரி பன்னிரண்டு, இரண்டு, நாலு. முதல் நாள் வந்தது சில சொட்டு. சின்னக் கிண்ணத்தில் அடி கூட நனையவில்லை. 'இதைப் போய்க் கொடுக்கணுமா?'ன்னு அழுதாள். ஒரு சிஸ்டர் வந்து, 'அம்மா, அவன் வயிறும் அவ்வளவுதான். ஒரு வேளைக்கு இரண்டு மில்லிதான் அவனுக்கு விருந்து. இந்தச் சொட்டுதான் அவன் குடலைக் காப்பாற்றுகிற மருந்து. கடையில் கிடைக்காது'ன்னு சொன்னார். அந்தக் கிண்ணத்தை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். வண்டி கலெக்ஷன் பணத்தைக் கூட அவ்வளவு ஜாக்கிரதையாக் கொண்டுபோனதில்லை.

எதிரணிச் சகோதரி அவர்களே, நீங்கள் கேட்டீர்களே, பாசத்துக்கு ரசீது உண்டா என்று. பாசத்தை இரண்டு மில்லி, மூணு மில்லி என்று அளந்து, நேரம் போட்டு, நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள் அம்மா! இதைவிட என்ன ரசீது வேண்டும்? (நீண்ட கைதட்டல்)

பன்னிரண்டாம் நாள் ராத்திரி பிள்ளை மூச்சு விட மறந்துவிட்டான். ஆமாம் ஐயா, மறந்துவிட்டான். அந்த வாரக் கணக்கில் பிறந்த குழந்தைகளின் மூளைக்கு மூச்சு விடுகிற வேலை இன்னும் சரியாகப் பழகியிருக்காது. பெட்டி கத்தும், சிஸ்டர் ஓடி வந்து முதுகைத் தேய்ப்பார், உள்ளங்காலைத் தட்டுவார், அப்புறம் ஞாபகம் வந்து மூச்சு இழுப்பான். அதற்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். என்ன மருந்து என்று கேட்டேன். காஃபின் என்றார்கள். காபியில் இருக்கிற அதே சரக்கு! எங்க வம்சத்தில் தாய்ப்பாலை வாய் வைத்துக் குடிக்கிறதுக்கு முன்னாலேயே காபி குடித்த ஒரே ஆள் என் மகன்தான். (பலத்த சிரிப்பு)

மறுநாள் வார்டுக்கு வந்த பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். 'அப்பா, உள்ளே வாங்க. டாக்டர்கிட்டே பேசிட்டேன். கை கழுவுங்க' என்றார். நான் கையைப் பார்த்தேன். ஐயா, ஊரில் உள்ள பணமெல்லாம் புழங்குகிற கை இது. மீன்காரம்மா கொடுத்த நோட்டு, வெற்றிலை போட்ட பெரியவர் கொடுத்த சில்லறை, எல்லாம் இந்தக் கையில்தான். 'வேண்டாம் சிஸ்டர், இந்தக் கையால தொட்டா அவனுக்கு ஏதாவது ஆயிடும்'னேன். 'கழுவினா எல்லாக் கையும் நல்ல கைதான்'னார். மோதிரம், வாட்ச், மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு, எல்லாம் கழற்றினேன். முழங்கை வரை சோப்பு. விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல். முதல் தடவை அவருக்குத் திருப்தி இல்லை. மறுபடியும் கழுவச் சொன்னார்.

அப்புறம் சொன்னார்: 'தடவாதீங்க. அவனுக்கு அது கூச்சம். ஒரு கையைத் தலையிலே, ஒரு கையைப் பாதத்திலே, சும்மா வையுங்க. அசையாம.' வைத்தேன். அவன் தலையும் பாதமும் என் இரண்டு உள்ளங்கைக்குள்ளே அடங்கிவிட்டது. துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை அடங்கினான். பன்னிரண்டு நாள் கழித்து நான் அப்பா ஆனேன். (கைதட்டல்)

உடம்பு கொஞ்சம் தேறினதும் அந்த சிஸ்டர், 'சட்டைப் பட்டனைக் கழட்டுங்க'ன்னார். கங்காரு அணைப்பாம். குழந்தைக்கு ஒரு குல்லா, ஒரு டயப்பர், அவ்வளவுதான். அம்மா நெஞ்சிலேயோ அப்பா நெஞ்சிலேயோ, தோலோடு தோல் படுகிற மாதிரி, நிமிர்த்தித் தவளை மாதிரி படுக்க வைத்து, துணியால் கட்டிவிடுவார்கள். கழுத்து மடங்காமல், மூக்கு மறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார வேண்டும். காக்கிச் சட்டைக்குள்ளே என் மகன். பக்கத்தில் கத்திக்கொண்டிருந்த பெட்டியில் நம்பர் மெதுவாகச் சமனுக்கு வந்தது. இருபது வருஷத்தில் எத்தனையோ பயணி என் தோளில் சாய்ந்து தூங்கியிருக்கிறான். தட்டி எழுப்பி டிக்கெட் கேட்டிருக்கிறேன். அன்னைக்குத்தான் ஒரு பயணி எழுந்துவிடக் கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (நெகிழ்ச்சியான கைதட்டல்)

நடுவர்: நேரம் ஆகிறது. ஆனால் மணி அடிக்க மனசு வரவில்லை. விஷயத்துக்கு வாருங்கள்.

வந்துவிட்டேன் ஐயா. இது அனுபவம். இப்போது வாதம்.

கண்ணாடிப் பெட்டி எப்படி வந்தது? 1880 வாக்கில் பாரிஸில் தார்னியே என்று ஒரு பிரசவ டாக்டர். மிருகக்காட்சி சாலைக்குப் போனவர், அங்கே கோழிக்குஞ்சு பொரிக்க வைத்திருந்த சூட்டுப் பெட்டியைப் பார்த்தார். இதே மாதிரி குழந்தைக்குச் செய்தால் என்ன என்று நினைத்தார். சரி, அந்தக் குஞ்சு பொரிக்கிற பெட்டி எதைப் பார்த்துச் செய்தது ஐயா? அடைகாக்கிற கோழியைப் பார்த்துச் செய்தது! அசல் கோழி. நகல் பெட்டி. எதிரணி நகலை வைத்துக்கொண்டு அசலோடு வழக்குப் போடுகிறது! (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

அடுத்தது. 1978-ல் தென்னமெரிக்காவில் கொலம்பியா நாடு, பொகோட்டா நகரம். ஏழைத் தாய்மார் வருகிற ஆஸ்பத்திரி. பெட்டி போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள். ஒன்றுக்கு வந்த கிருமி மற்றதுக்கும். எட்கர் ரே என்ற டாக்டர் வேறு வழி இல்லாமல் தாயின் நெஞ்சிலேயே கட்டிவிட்டார். வசதி இல்லாத இடத்தில் பிறந்த வைத்தியம்தான் இந்தக் கங்காரு அணைப்பு.

எதிரணி உடனே என்ன சொல்லும்? 'அது இல்லாதவனுக்கு. வசதி இருக்கிற இடத்தில் அது எதற்கு?' என்று கேட்கும். அதற்குத்தான் 2021-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியைக் கொண்டுவந்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தியது. அதில் நம்ம இந்தியாவும் ஒன்று. டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. ஒரு கிலோவிலிருந்து 1,800 கிராமுக்குள் உள்ள குழந்தைகள். இரண்டு பிரிவு. இரண்டு பிரிவுக்கும் மூச்சுக் கருவி உண்டு, மருந்து உண்டு, டாக்டர் உண்டு. வசதி சமம். ஒரு பிரிவில் வழக்கம் போல், குழந்தை தேறின பிறகு அணைப்பு. இன்னொரு பிரிவில், பிறந்ததுமே அணைப்பு. தாய்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில். முதல் பிரிவில் 28 நாளுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 16 குழந்தைகள் இறந்தன. தாய் கூடவே இருந்த பிரிவில் 12. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு மற்றக் குழந்தைகளைத் தள்ளி வைப்பது நியாயம் இல்லை என்று ஆராய்ச்சியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கவனியுங்கள் ஐயா. இரண்டு பக்கமும் வசதி இருந்தது. ஒரு பக்கம் அம்மா முதல் நாளே கூட இருந்தாள். அந்த நாலு குழந்தைகளைக் காப்பாற்றியது எது? (பலத்த கைதட்டல்) 2022-ல் உலக சுகாதார நிறுவனமே, பிறந்த உடனே இப்படி அணைக்க வேண்டும் என்று எல்லா நாட்டுக்கும் சொல்லிவிட்டது. 2020-ம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் குறைமாதத்தில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம். அதில் நம் நாட்டுக் குழந்தைகள் ஏறத்தாழ 30 லட்சம். யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ஐயா, ஒன்றைச் சொல்லாமல் இறங்கினால் நான் பாவி.

எங்களுக்கு அடுத்த பெட்டியில் ஒரு பெண் குழந்தை. மலைக் கிராமத்துத் தாய். அந்தப் பொண்ணு என் சம்சாரத்தைவிட அதிக நேரம் அணைத்துக்கொண்டிருந்தது. சாப்பிடக்கூட எழுந்திருக்காது. இருபத்து மூன்றாம் நாள் அந்தக் குழந்தை போய்விட்டது. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. அணைப்பில் குறையா? இல்லை ஐயா. அந்தத் தாயிடம் போய், 'நீ இன்னும் கொஞ்சம் கூட இருந்திருக்கலாம்' என்று எவனாவது சொன்னால் அவன் நாக்கு அழுகிப் போகும். நான் உடனிருப்பே என்று பேசுகிறேன். அதை எடுத்து எந்தத் தாயையும் அடிக்கிற கம்பாக ஆக்கிவிடாதீர்கள். கடைசி ஒரு மணி நேரம் குழாயெல்லாம் எடுத்துவிட்டு, குழந்தையை அந்தத் தாய் நெஞ்சில் வைத்தார்கள். அந்தப் பெண்ணின் நெஞ்சில்தான் அது போனது. ஊருக்குப் போகும்முன் அந்தப் பொண்ணு சிஸ்டரிடம் கேட்டது: 'எனக்கு இன்னும் பால் சுரக்குது. வேற பிள்ளைக்கு ஆகுமா?' தாய்ப்பால் வங்கிக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

(அரங்கில் அமைதி)

அன்னைக்கு ராத்திரி எங்க அம்மா, அதான் என் மகனுக்கு அப்பத்தா, என்னிடம் ஒரு விஷயம் சொன்னாங்க. கிரகணம், பப்பாளி என்று பேசின கட்சியில் அவங்களும் உண்டு. அவங்க முறைக்குப் பேரனை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவங்க, வெளியே வந்து சொன்னாங்க. 'உனக்கு மேல ஒருத்தன் இருந்தான்டா. அவனும் ஏழாம் மாசம்தான். முறத்துல பழந்துணி போட்டு வச்சிருந்தாங்க. தொட்டா செத்துப்போகும்னு என்னைத் தொட விடலை. மூணு நாள் இருந்தான். நான் தூக்கவே இல்லைடா.'

நாற்பத்தைந்து வருஷம் கழித்து முதல் தடவையாகச் சொல்கிறாங்க. பிள்ளை போன துக்கம் ஒரு பக்கம். தூக்காமலே போய்விட்டானே என்கிற துக்கம் அதைவிடப் பெரிசா நின்றுவிட்டது. அந்த மலைக்கிராமத்துத் தாய்க்கு அந்த இரண்டாவது துக்கம் இல்லை. வசதி தோற்கிற இடம் ஒன்று வரும் ஐயா. கென்னடிக்கும் வந்தது. அந்த இடத்திலும் பெற்றவர்களால் கொடுக்க முடிகிறது இது ஒன்றுதான். (நீண்ட கைதட்டல்)

கடைசியாக நாலு வார்த்தை. வீட்டில் பார்க்கிறவர்களுக்கு.

குறைமாதக் குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் 'எத்தனை கிலோ?'ன்னு கேட்காதீர்கள். அந்தத் தாய் தினமும் தராசைப் பார்த்துத்தான் சாகிறாள். இருபது கிராம் கூடினால் தீபாவளி, பத்து கிராம் குறைந்தால் இழவு. அதற்குப் பதில் ஒரு தூக்குவாளியில் ரசம் சாதம் கொண்டுபோங்கள். மூத்த பிள்ளை இருந்தால் இரண்டு நாள் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எங்க பெரிய பொண்ணை அம்மாச்சி பார்த்துக்கொண்டார். என் கையில் இருந்த லீவு 19 நாள். மிச்ச நாளுக்கு எங்க டிப்போ நண்பர்கள் டூட்டியை மாற்றிக்கொண்டார்கள். நான் பிள்ளையோடு இருந்தேன் என்றால், எனக்காக யாரோ படிக்கட்டில் தொங்கினார்கள்.

இரண்டாவது, கண். ஆக்சிஜனில் இருந்த குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக்குழாய் தாறுமாறாக வளரலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறந்து முப்பது நாளுக்குள், ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் இன்னும் முன்னதாகவே, கண் டாக்டர் பார்த்தாக வேண்டும். பார்த்தால் லேசரில் காப்பாற்றலாம். விட்டால் பார்வை போய்விடும். வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் இதை மறந்துவிடாதீர்கள். காதும் பரிசோதிக்க வேண்டும்.

மூன்றாவது, வயது. என் மகன் உட்கார்ந்ததும் நடந்ததும் தாமதம் என்று ஊரே பேசியது. டாக்டர் சொன்னார்: தடுப்பூசிக்குப் பிறந்த தேதியிலிருந்து கணக்கு. உட்கார, நடக்க, பேச, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கு. செக்கானூரணியில் இறங்கினவன் ஆரப்பாளையத்துக்கு நடந்து வரணும் இல்லையா? கொஞ்சம் நேரம் கொடுங்கள். (சிரிப்பு)

34 வார அளவுக்கு வந்தபோதுதான் உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுகிற மூன்றும் அவனுக்குச் சேர்ந்து வர ஆரம்பித்தது. அதுவரை குழாய். அப்புறம் பாலாடை. நம்ம பாட்டி வைத்திருந்த அதே பாலாடைதான் அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இருந்தது ஐயா. 61-ம் நாள் 1,900 கிராமோடு அனுப்பிவைத்தார்கள். கூட்டத்தில் கொண்டுபோகக் கூடாது என்றதால் பஸ் வேண்டாம் என்று நண்பர் ஒருத்தர் கார் கொண்டுவந்தார். தேனிக்குப் போகிற வழியில் செக்கானூரணி வந்தது. என் சம்சாரம் நெஞ்சில் அவன் தூங்குகிறான். நான் குனிந்து அவன் காதில் சொன்னேன்: 'டேய், இங்கே இறங்கிடாதடா. அப்பா கூட வா.' (பலத்த கைதட்டல்)

இப்போது பள்ளிக்கூடம் போகிறான். கண்ணாடி போட்டிருக்கிறான். என் பஸ்ஸில் ஏறினால் அரை டிக்கெட். காசை நான்தான் போடுகிறேன். ஜன்னல் சீட்டுதான் வேண்டும் என்று சண்டை போடுவான். எங்க அம்மா கூட வந்தால் மட்டும் ஜன்னல் சீட்டை விட்டுவிட்டு அவங்க மடியில் போய் உட்கார்ந்துகொள்வான். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஐயா, கட்டின பணத்துக்கெல்லாம் ரசீது இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கு என் மகன் பெரியவனாகி, 'அப்பா, எனக்கு என்ன செய்தே?' என்று கேட்டால், அந்த மஞ்சள் பையை எடுத்துக் காட்ட மாட்டேன். 'உன் தலையிலே ஒரு கையும் பாதத்திலே ஒரு கையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்டா' என்றுதான் சொல்லுவேன். அதனால், பெற்றோர் பிள்ளைகளுக்குத் தர வேண்டியது பெரிதும் உடனிருப்பே, உடனிருப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் ஐயா அவர்களைப் பணிவோடு கேட்டு, என் ஸ்டாப் வந்துவிட்டதால் இறங்கிக்கொள்கிறேன். 

(எழுந்து நின்று கைதட்டல்)